சாவியைத் திருப்பினால் 'டொக்' மட்டும்: ஸ்டார்ட் ஆகாத பிக்அப் வண்டியில் எங்கே தேடுவது

ஒட்டன்சத்திரம் மார்க்கெட். விடியற்காலை மூன்று மணி. லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் 'டொக்'. மறுபடி திருப்பினாலும் 'டொக்'. என்ஜின் அசையவே இல்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "பேட்டரி போச்சுண்ணே." நானும் நம்பினேன். கடை திறந்ததும் ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது பேட்டரி மாட்டினேன். புது பேட்டரியிலும் அதே 'டொக்'. கடைசியில் பார்த்தால், என்ஜினிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்து நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டை என்ன விலை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அன்றிலிருந்து 'டொக்' சத்தம் கேட்டால் நான் பர்ஸைத் தொடுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்கிறேன். கீழே இருப்பது குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்அப் மாதிரியான 12 வோல்ட் டீசல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பெட்ரோல் வண்டிக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

அந்தச் சத்தம் எதுவுடையது

என்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாரின் தோளில் ஒரு சின்ன உருளை உட்கார்ந்திருக்கும். அதுதான் சாலினாய்டு. சாவியைத் திருப்பியதும் அதற்குள் இருக்கும் இரும்பு பிளஞ்சர் இழுக்கப்படும். இழுபடும்போது அது இரண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கம் மோட்டார் முனையில் இருக்கும் பெண்டிக்ஸ் என்ற சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி, என்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பல்லோடு சேர்க்கிறது. இன்னொரு பக்கம் ஒரு செம்புத் தகட்டை இரண்டு தடித்த போல்ட் முனைகளின் மேல் அழுத்தி, மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிறது. நாம் கேட்கிற 'டொக்' பிளஞ்சர் போய் மோதுகிற சத்தம்.

ஆக, சத்தம் வந்தாலே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சாவி சுவிட்ச், ஃபியூஸ், ரிலே (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்ச்), சாலினாய்டுக்குப் போகும் சின்ன வயர் எல்லாம் வேலை செய்கின்றன. அவற்றைக் கழற்ற வேண்டாம். பிரச்சினை பெரிய கரண்ட் ஓடுகிற வழியில்தான். சாலினாய்டை இழுக்கச் சில பத்து ஆம்ப்பியர் போதும். டீசல் என்ஜினைச் சுற்ற 200 ஆம்ப்பியருக்கு மேல் வேண்டும். வலுவில்லாத பேட்டரியாலும் அழுக்குப் பிடித்த டெர்மினலாலும் முதலாவதைக் கொடுக்க முடியும், இரண்டாவதைக் கொடுக்க முடியாது. "லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்பது இதனால்தான் தப்புக் கணக்கு.

('செல்ஃப்' என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்த காலம் போய், 1912-ல் காடிலாக் கார்களில் மின்மோட்டார் வந்தது. அதற்கு 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று பெயர். மற்ற நாடுகளில் முன்பாதி உதிர்ந்துபோய் 'ஸ்டார்ட்டர்' நின்றது. நம் ஊரில் பின்பாதி உதிர்ந்து 'செல்ஃப்' நின்றுவிட்டது.)

எதையும் தொடுவதற்கு முன்

நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்கு ஒரு கல். சோதிக்கும்போது வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகிவிடும். கியரில் இருந்தால் முன்னால் நிற்கிறவர் மேல்தான் ஏறும்.

அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

'டகடகடகடக' என்று தொடர்ந்து அடிக்கிறது, லைட் துடிக்கிறது அல்லது மங்குகிறது

இது பேட்டரி இறங்கியிருப்பதற்கான சத்தம், அல்லது பேட்டரியிலிருந்து வெளியே வரும் வழியில் அடைப்பு. தகடு ஒட்டியதும் மோட்டார் கரண்டை உறிஞ்சும். வோல்டேஜ் தரைக்கு இறங்கும். சாலினாய்டால் பிளஞ்சரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். நொடிக்குப் பல முறை இதே ஆட்டம்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று டேஷ்போர்டில் கிடக்கட்டும். விலை சில நூறு ரூபாய்தான். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் ஈயக் குமிழ்கள் (வயர் மாட்டுகிற பிளஸ், மைனஸ் முனைகள்) மேலேயே பிடியுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றிருந்தால் 12.6 வோல்ட் என்பது முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. 10.5 பக்கம் நின்று, சார்ஜ் போட்டாலும் ஏற மறுத்தால், உள்ளே ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல் ஏறக்குறைய 2.1 வோல்ட், கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். அந்த பேட்டரிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவது மட்டும் சாட்சி ஆகாது. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்கு மேல் நின்றால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது. 6, 7 என்று விழுந்தால் பேட்டரிதான் குற்றவாளி. சாவி திருப்பியும் குமிழில் 12-க்கு மேலேயே நிற்கிறது, வண்டியில் மட்டும் லைட் அணைகிறது என்றால், பேட்டரி நல்லவர். கரண்ட் வெளியே வரவில்லை. அப்போது டெர்மினலைப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பிக்அப்களில் என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகிறது. குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அது லூஸ். குமிழைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி பூத்திருந்தால் அது சல்ஃபேட், கரண்டுக்குத் தடுப்புச் சுவர். மேலே பார்க்கச் சுத்தமாக இருந்தும் கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே கருப்பாக ஒரு படலம் இருக்கலாம். கழற்றினால்தான் தெரியும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு மேலே வாசலின் அல்லது கிரீஸ் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. கிளாம்ப் லூஸாகச் சறுக்கி நிற்க அது ஒரு நல்ல வழி.

கிளாம்ப் பெரிதாகி நிற்கிறது என்று தகரத் துண்டு, சிகரெட் பெட்டி ஈயத்தாள் எல்லாம் சொருகி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நானே ஓட்டியிருக்கிறேன். வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

பேட்டரி 12.6, சாவி திருப்பும்போதும் இறங்கவில்லை, டெர்மினல் பளிச், லைட்டும் மங்கவில்லை, ஆனாலும் 'டகடக' என்றால், சாலினாய்டுக்குள் இருக்கும் இரண்டு சுருளில் பிடித்து வைக்கும் சுருள் அறுந்திருக்கலாம். இழுக்கும் சுருள் இழுக்கிறது, தகடு ஒட்டியதும் அதன் வேலை முடிந்துவிடும், பிடிக்க ஆளில்லை. அபூர்வம்தான். ஆனால் மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன் நினைவுக்கு வர வேண்டிய ஒன்று.

எர்த்: யாரும் பார்க்காத பாதி

பிளஸ் வயரைத் தடவித் தடவிப் பார்ப்போம். போன கரண்ட் அத்தனையும் என்ஜின் இரும்பு வழியாக மைனஸுக்குத் திரும்பி வர வேண்டும் என்பது மறந்துவிடும். என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. எனவே எர்த் பட்டைதான் அதற்கும் சேஸுக்கும் பாலம். சேறு, உப்புக்காற்று, மீன் லோடிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் எல்லாம் நேரே அதன் மேல்தான். கடற்கரை ஊர் வண்டிகளில் இந்தப் பட்டையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ரோட்டோரத்தில் சோதிக்க ஒரு ஜம்பர் கேபிள் (முனைகளில் கிளிப் உள்ள தடித்த வயர்) போதும். அதன் கறுப்பு வயரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். சாவியைத் திருப்புங்கள். உடனே சுற்றினால் தீர்ப்பு வந்துவிட்டது.

மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். ஒரு முனை மைனஸ் குமிழில், மறு முனை என்ஜின் இரும்பில். சாவி திருப்பும்போது 0.3 வோல்ட் வரை காட்டினால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று ஏறினால் அவ்வளவும் அந்த வழியில் வீணாகிறது. இதே மாதிரி பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை பார்க்கலாம், அங்கே 0.5 வரை பொறுக்கலாம். மீட்டர் இல்லையா? நாலைந்து முறை திருப்பிவிட்டு ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் கெட்ட இடம். எர்த் மோசமான வண்டியில் கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவே திரும்பும். கேபிள் சூடாகிறது, உறை கருகுகிறது என்றால் கேபிளை மாற்றிவிட்டுப் போய்விடாதீர்கள்.

ஒரே ஒரு கனத்த 'டொக்', லைட் கொஞ்சமும் மங்கவில்லை

சாலினாய்டு இழுத்துவிட்டது. ஆனால் மோட்டார் கரண்ட் குடிக்கவே இல்லை. குடித்திருந்தால் லைட் மங்கியிருக்கும். எர்த் சரி என்று பார்த்துவிட்டீர்கள் என்றால் இரண்டில் ஒன்று: சாலினாய்டுக்குள் செம்புத் தகடும் முனைகளும் கருகியிருக்கின்றன, அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து, சுற்றுகிற பகுதியான ஆர்மெச்சூரை ஒழுங்காகத் தொடவில்லை.

இந்த வியாதி திடீரென்று வராது. ஒரு மாதமாகவே "நாலு தடவை திருப்பினா அஞ்சாவது தடவை எடுக்குது" என்று ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். டெலிவரி வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். ஒரு நாளில் ஐம்பது கடையில் நிறுத்தி எடுத்தால், அத்தனை முறையும் அந்தச் செம்பு முனையில் பொறி பறக்கிறது.

ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் செல்ஃப் மோட்டார் உடம்பில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டலாம். மாட்டிக்கொண்ட கார்பன் அசைந்து கொடுத்தால் வண்டி எடுத்துவிடும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். இப்போதைய செல்ஃப் மோட்டார்கள் பலவற்றில் உள்ளே காந்தக் கட்டிகள் இருக்கின்றன. சுத்தியலால் ஓங்கி அடித்தால் அவை உடைந்து ஆர்மெச்சூரில் சிக்கும். தட்டி எடுத்த வண்டியை நேரே ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு ஓட்டுங்கள். அடுத்த தட்டலுக்கு அது மசியும் என்று உத்தரவாதம் இல்லை.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து சாலினாய்டின் பெரிய போல்ட்டையும் சின்ன முனையையும் ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்கிற வித்தை எல்லாருக்கும் தெரியும். 'டொக்' ஏற்கெனவே வருகிற வண்டியில் அதனால் புதிதாக ஒன்றும் தெரியாது, 'டொக்'தான் வரும். கீழே படுத்துக்கொண்டு செய்கிற காரியம் வேறு. விட்டுவிடலாம்.

கடையில் கழற்றியதும் "செல்ஃப் செட்டே புதுசா போட்டுடலாம்ணே" என்பார்கள். ஆர்மெச்சூர் கருகாமல், அதன் தண்டைத் தாங்கும் புஷ் ஆடாமல் இருந்தால் கார்பன் செட்டும் சாலினாய்டும் மாற்றினாலே போதும். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடை இருக்கிறது.

ஒரே 'டொக்', லைட் அப்படியே அமுங்கிவிடுகிறது

பேட்டரியும் எர்த்தும் சரி என்று மேலே சொன்னபடி உறுதி செய்துவிட்டீர்கள் என்றால், மோட்டார் முக்கி முக்கிப் பார்க்கிறது, ஏதோ சுற்றவிடாமல் பிடித்திருக்கிறது. பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீலின் ரிங் பல்லில் கோணலாகச் சிக்கியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை ஆட்கள் முன்னும் பின்னும் அசைத்தால் ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்து பல் விடுபடும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி முயலுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் ரிங் பல் ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது.

டாப் கியரில் தள்ளியும் சக்கரம் பாறை மாதிரி நிற்கிறதா? என்ஜினே பிடித்திருக்கலாம். அதற்கு முன் நாள் வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று யோசியுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் தண்ணீர் வடிந்த மறுநாள் சாவியைத் திருப்பி என்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. விடாமல் திருப்பினாலோ, தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ கனெக்டிங் ராடு வளையும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் என்ஜின் பிழைக்க வாய்ப்புண்டு.

சின்னதாக 'டிக்', அதுவும் டேஷ்போர்டு பக்கமிருந்து

இது ரிலே சத்தம், கீழே சாலினாய்டு பேசவே இல்லை. சாலினாய்டில் சொருகியிருக்கும் சின்ன வயர் கழன்றோ பச்சை பூத்தோ இருக்கும். முதலில் அதைப் பிடுங்கித் தேய்த்துச் சொருகுங்கள். பிறகு ரிலே. பக்கத்தில் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். டெஸ்ட் லாம்பை அந்தச் சின்ன வயரில் வைத்துச் சாவி திருப்பும்போது பளிச்சென்று எரிந்தால் வயரிங் சரி, சாலினாய்டுதான் போயிருக்கிறது.

காலையில் எடுக்கிறது, ஓடி வந்து நிறுத்தினால் எடுப்பதில்லை

மலையேறி வந்து டீ குடிக்க நிறுத்துவீர்கள், திரும்பி வந்தால் 'டொக்'. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி எடுக்கும். சூட்டில் செம்புச் சுருளின் தடை கூடும். ஏற்கெனவே கருகிய முனை, தேய்ந்த புஷ் எல்லாம் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் செல்ஃப் இருக்கும் வண்டிகளில் இது சகஜம். செல்ஃபைக் கழற்றிச் சர்வீஸ் செய்யுங்கள், பேட்டரியை விட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு வண்டி நகர வேண்டும்

ஜம்பர் போடுவதென்றால்: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் என்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசி இணைப்பில் பொறி வரும், இரண்டும் சந்திக்கக் கூடாது. உதவ வருகிறவர் லாரிக்காரராக இருந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். லாரியில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட். உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி ஒரு நொடியில் போய்விடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்ய இரண்டாவது கியர். ஆனால் பேட்டரி முழுசாகச் செத்து டேஷ்போர்டு லைட்டே வராவிட்டால், காமன் ரெயில் என்ஜின்களில் தள்ளிப் பயனில்லை. கம்ப்யூட்டர் விழித்தால்தான் டீசல் பீய்ச்சும். பழைய பம்ப் வண்டிகள் பலவற்றிலும் டீசலைத் திறந்துவிடும் சாலினாய்டுக்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும்.

வண்டி எடுத்துவிட்டதா? மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் காட்டினால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறது. 12-லேயே நின்றால் அடுத்த ஊரில் மறுபடி 'டகடக'தான். பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் டெர்மினலைப் பிடுங்கி "ஆஃப் ஆகலை, டைனமோ நல்லாயிருக்கு" என்று சொல்கிற மெக்கானிக் இன்னமும் இருக்கிறார். பழைய வண்டியில் அது செல்லும். இப்போதைய வண்டியில் பிடுங்குகிற நொடியில் வோல்டேஜ் எகிறி மற்ற பெட்டிகளைச் சுடும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆல்டர்நேட்டர் நல்லது, பேட்டரி புதிது, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் யாரோ ராத்திரியில் குடிக்கிறார்கள். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, நடுவே மீட்டரை 10 ஆம்ப்பியரில் வைத்து (அப்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும்) சில நிமிடம் காத்திருங்கள். 0.05 ஆம்ப்பியருக்குள் இருந்தால் சரி. என் வண்டியில் 0.5 காட்டியது. ஒரு நாளைக்கு 12 ஆம்ப்பியர்-அவர் என்று கணக்கு. தீபாவளிக்கு ஐந்து நாள் நிறுத்தினால் 60 போய்விடும், பேட்டரியே 80 தான். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் எண் இறங்கவே இல்லை. சீட்டுக்கு அடியில் பார்த்தால் ஆம்ப்ளிஃபயர், ஃபியூஸே இல்லாமல் நேரே பேட்டரியில் இணைத்திருந்தது. இணைத்தவன் நான்தான்.